குவார்ட்டர்பேக் பெஞ்சில் இருந்தபோது

2018 பிப்ரவரியில் மினியாபொலிஸில் நடந்த சூப்பர் பவுலில், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதி ஆட்டத்தில், குவார்ட்டர்பேக் டாம் பிராடி மொத்தம் 505 யார்டுக்குப் பந்து வீசினார். குவார்ட்டர்பேக் என்றால் பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர். சூப்பர் பவுலில் அதுவரை யாரும் அவ்வளவு வீசியதில்லை. ஆட்டத்தில் தோற்றுப்போனார். அதற்குப் பதினாறு வருடம் முன்னால், 2002-ல், நியூ ஆர்லியன்ஸில் அவர் வீசியது வெறும் 145 யார்டு. அன்று கோப்பையும் கிடைத்தது, ஆட்ட நாயகன் விருதும் கிடைத்தது.

அமெரிக்காவில் அலுவலகச் சாப்பாட்டு அறையில் 'குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவர்' என்று பேச்சு எழுந்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவர் மோதிரத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். சூப்பர் பவுல் ஜெயித்தவர்களுக்கு மோதிரம் தருவது வழக்கம். பிராடிக்கு ஏழு. ஜோ மொன்டானாவுக்கு நான்கு. டான் மரீனோவுக்கு ஒன்றுகூட இல்லை. தீர்ந்தது வழக்கு, எழுந்து போய் வேலையைப் பாருங்கள் என்பது போலச் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு அந்தக் கணக்கோடு வெகுநாளாகத் தகராறு. அந்த மோதிரங்களில் பல கைமாறிய நொடியில் குவார்ட்டர்பேக் களத்திலேயே இல்லை.

ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சின்ன விளக்கம். ஓர் அணியில் 53 பேர். களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர். பந்து நம்மிடம் இருக்கும்போது இறங்கும் 11 பேர் வேறு, எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் 11 பேர் வேறு. பந்தைக் காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு இன்னொரு கூட்டம். குவார்ட்டர்பேக் முதல் கூட்டத்தின் தலைவர். பந்து கைமாறியதும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு பெஞ்சுக்குப் போய்விடுவார். ஆட்டத்தில் ஏறக்குறைய பாதி நேரம் அவரும் நம்மைப் போல வேடிக்கை பார்ப்பவர்தான், என்ன, இருக்கை கொஞ்சம் நல்ல இடத்தில்.

இருந்தும் வெற்றி தோல்வி அவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேனின் பெயருக்கு எதிரே ரன், சராசரி, சதம் என்று போடுவார்கள். 'இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி' என்று ஒரு பத்தி போடுவதில்லை. இங்கே குவார்ட்டர்பேக்குக்கு அந்தப் பத்தி உண்டு. அவர் முன்னால் நின்று அடி வாங்கும் லைன்மேனுக்குக் கிடையாது. பந்தை உதைக்கும் கிக்கருக்கும் கிடையாது.

கிக்கர் என்றதும் ஆடம் வினட்டேரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், எந்த அணியும் எடுக்காத ஆள். ஆம்ஸ்டர்டாமில் ஓர் அணிக்கு உதைத்துக்கொண்டிருந்துவிட்டு, 1996-ல், பின்னாளில் பிராடியும் வந்து சேர்ந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்கு வந்தார். 2002 ஜனவரி 19 இரவு, பாஸ்டனுக்குத் தெற்கே ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்டிக்கொண்டிருக்க, ரெய்டர்ஸுக்கு எதிராகப் பேட்ரியாட்ஸ் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. பிராடியின் கையிலிருந்து பந்து நழுவியதும், விதிப்புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்த விதியைக் காட்டி அது நழுவலே இல்லை என்று நடுவர் சொன்னதும் தனிக்கதை. ரெய்டர்ஸ் ரசிகர் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள், சாயங்காலம் முழுக்கப் போய்விடும். ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. 45 யார்டு. தரை முழுக்கப் பனி, ஊன்றுகிற காலுக்குப் பிடிமானம் கிடையாது. பந்து தாழ்வாகக் கிளம்பி, கம்பத்தைத் தாண்டுமா தாண்டாதா என்று எல்லாரையும் தவிக்க வைத்துவிட்டுத் தாண்டியது. கூடுதல் நேரத்தில் 23 யார்டிலிருந்து இன்னொன்று. 16-13.

அடுத்த இரண்டு வாரத்தில் சூப்பர் பவுல். எதிரே செயின்ட் லூயிஸ் ராம்ஸ். பந்தயச் சந்தையில் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட அணி. அதன் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் அன்று 365 யார்டு வீசினார், பிராடியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பேட்ரியாட்ஸின் டை லா வார்னரின் பந்தை இடையில் பறித்து 47 யார்டு ஓடி டச்டவுன் போட்டுவிட்டார், அதாவது எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டிவிட்டார். கடைசியில் 17-17, கையில் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. வர்ணனையில் இருந்த ஜான் மேடன், இப்போது ஆபத்தில் இறங்காமல் கூடுதல் நேரத்துக்குப் போவதுதான் விவேகம் என்றார். பேட்ரியாட்ஸ் கேட்கவில்லை. 24 வயதுப் பிராடி குட்டிக் குட்டியாக வீசி அணியை எதிரணியின் 30 யார்டு கோடுவரை கொண்டுவந்தார். 7 நொடி மிச்சம் இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். அந்த நிதானத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்தது, களத்தைவிட்டு நடந்து ஓரத்துக்கு வந்ததுதான். வினட்டேரி 48 யார்டிலிருந்து உதைத்தார். உள்ளே.

இப்போது பதினோரு வருடம் பின்னால் போவோம். 1991 ஜனவரி 27, டாம்பா. பஃபலோ பில்ஸின் ஜிம் கெல்லி 20-19 என்று ஒரு புள்ளி பின்னால் இருக்கிறார். இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது தன் அணியின் 10 யார்டு கோட்டில் பந்து கிடைக்கிறது. அங்கிருந்து அணியை எதிரணியின் 29 யார்டு கோடுவரை கொண்டுவருகிறார். பிராடி செய்த அதே வேலை, சொல்லப்போனால் ஒரு யார்டு கூடுதலாகவே செய்துவிட்டு, அவரும் ஓரமாக வந்து நிற்கிறார். ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைக்கிறார். பந்து வலப்பக்கமாக விலகிப் போகிறது. அடுத்த மூன்று வருடமும் பஃபலோ சூப்பர் பவுலுக்குப் போய்த் தோற்றது. அதனால் கெல்லி என்றால் 'நான்கு முறை தோற்றவர்'. 48 யார்டு உள்ளே போனவருக்கு நெருக்கடியில் உடையாதவர் என்று பெயர். 47 யார்டு வெளியே போனவருக்குப் பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர் என்று பெயர். உதைத்தது இருவரும் இல்லை.

வினட்டேரி கதை இன்னும் முடியவில்லை. 2004 சூப்பர் பவுலிலும் கடைசி நொடிகளில் அவர்தான் 41 யார்டிலிருந்து உதைத்து 32-29 ஆக்கினார். 2005-ல் 24-21. பிராடியின் முதல் மூன்று மோதிரமும் மூன்று மூன்று புள்ளி வித்தியாசத்தில் வந்தவை. அந்த வருடங்களில் பிராடிக்கு எதிர்த்தட்டில் வைத்துப் பேசப்பட்டவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் பெய்ட்டன் மேனிங். பிரமாதமாக வீசுவார், ஜனவரி வந்தால், அதாவது தோற்றால் வெளியே என்ற ஆட்டங்கள் வந்தால், சொதப்புவார் என்பது அவர்மேல் குற்றச்சாட்டு. 2006 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கிடம் 21-18 என்று தோற்றபோது, ஆட்டத்தைச் சமன் செய்திருக்க வேண்டிய 46 யார்டு உதையை அவருடைய கிக்கர் மைக் வாண்டர்ஜாட் கோட்டைவிட்டார். சில வாரங்களில் கோல்ட்ஸ் போய் வினட்டேரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த ஜனவரியில் பால்டிமோருடன் ஆட்டம். மேனிங்கின் அணி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, அவர் பந்து இரண்டு முறை பறிபோனது. வினட்டேரி ஐந்து ஃபீல்டு கோல் உதைத்தார். 15-6. அந்தச் சீசன் முடிவில் மேனிங்குக்கு முதல் மோதிரம். பெரிய ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரியாதவர் என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. அந்த ஒரு வருடத்தில் மேனிங் என்ன புதிதாகக் கற்றுக்கொண்டார் என்று எனக்கு யாராவது சொன்னால் தேவலை.

2015 பிப்ரவரி, அரிசோனா. இந்த ஆட்டத்தின் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பேட்ரியாட்ஸ் 28-24 என்று முன்னால். சியாட்டில் சீஹாக்ஸ் பந்தோடு ஒரு யார்டு தூரத்தில். மார்ஷான் லிஞ்ச் என்ற முரட்டு ரன்னிங் பேக், பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவர், அவர்களிடம் இருக்கிறார். அவர் கையில் பந்தைத் திணித்து முட்டச் சொன்னால் போதும் என்று உலகமே நினைக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்ரியாட்ஸ் கோச் பில் பெலிச்சிக்கிடம் டைம்அவுட் இருக்கிறது, கூப்பிடவில்லை. சியாட்டில் டச்டவுன் போட்டால் பதிலுக்கு ஆட பிராடிக்கு நேரமே மிஞ்சாதே என்று எல்லாரும் அலறிக்கொண்டிருக்கும்போது அவர் கல் மாதிரி நிற்கிறார். 26 நொடி. ரஸ்ஸல் வில்சன் லிஞ்சிடம் கொடுக்காமல் உள்பக்கமாகச் சட்டென்று வீசுகிறார். மால்கம் பட்லர் என்ற, டிராஃப்டில் யாரும் சீண்டாத முதல் வருடப் பையன், பந்து போகும் இடத்துக்கு முன்கூட்டியே பாய்ந்து அதைப் பறித்துவிடுகிறான். அந்த வாரப் பயிற்சியில் இதே ஆட்ட அமைப்பை எதிரணி மாதிரி ஆடிக்காட்டியபோது ஏமாந்து நின்றவன் அவன். அதனால்தான் இந்த முறை கால் முந்திக்கொண்டது.

பிராடி எங்கே? ஓரத்தில், குழந்தை மாதிரிக் குதித்துக்கொண்டிருக்கிறார். அன்று அவர் நான்கு டச்டவுன் வீசியிருந்தார். நான்காம் கால்பகுதியில் அபாரமாக ஆடினார். அதையெல்லாம் பட்லர் அந்தப் பந்தைப் பிடிக்காமல் விட்டிருந்தாலும் அவர் செய்திருப்பார். ஆனால் அப்போது அது 'பிராடியின் மூன்றாவது சூப்பர் பவுல் தோல்வி' ஆகியிருக்கும். மூன்று வருடம் கழித்து, 505 யார்டு வீசித் தோற்ற அந்த ஆட்டத்தில், பெலிச்சிக் இதே பட்லரை டிஃபென்ஸில் ஒரு முறைகூட இறக்காமல் உட்கார வைத்தார். ஏன் என்று அவர் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அன்று பிலடெல்பியா 41 புள்ளி போட்டது. 33 புள்ளி எடுத்துக் கொடுத்த குவார்ட்டர்பேக்கின் பெயரில் தோல்வி எழுதப்பட்டது.

2017-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28-3 என்று முன்னால் இருந்து தோற்றது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை முழுக்கச் சொல்லப்போவதில்லை. ஒரே ஓர் இடம். 28-20, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டு ஓரத்தில் கால் நுனியை ஊன்றி ஒரு பந்தைப் பிடிக்கிறார், பேட்ரியாட்ஸின் 22 யார்டு கோட்டில். மூன்று முறை சும்மா தரையோடு ஓடிவிட்டு ஃபீல்டு கோல் உதைத்தால் 31-20, கிட்டத்தட்ட கதை முடிந்தது. அவர்கள் மறுபடி வீசப் போனார்கள். ட்ரே ஃப்ளவர்ஸ் மாட் ரையனைப் பந்தோடு பின்னால் தள்ளிச் சாய்த்தார். அடுத்து விதிமீறலுக்காக இன்னும் 10 யார்டு பின்னால். ஃபீல்டு கோல் தூரமே போய்விட்டது. 'பிராடி 25 புள்ளியைத் துரத்திப் பிடித்தார்' என்ற வாக்கியம் பொய்யில்லை. அதற்குள் ஃப்ளவர்ஸின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

1983 டிராஃப்டுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் சோதனைச்சாலை அதுதான். ஒரே நாளில், முதல் சுற்றிலேயே ஆறு குவார்ட்டர்பேக்குகள். ஜான் எல்வே முதல் ஆள். கெல்லி 14-வது. மரீனோ 27-வது. பதினான்கு வருடம் கழித்தும் மூவர் கையிலும் மோதிரம் இல்லை. எல்வே மூன்று முறை சூப்பர் பவுல் போய் மூன்றிலும் உதை வாங்கித் திரும்பினார். கடைசித் தோல்வி 55-10. மரீனோ 1984-ல் 5,084 யார்டு, 48 டச்டவுன் என்று யாரும் கனவில்கூட நினைக்காத எண்களை எழுதினார். இரண்டாவது வருடம் ஆடும் பையன். சூப்பர் பவுலில் மொன்டானாவின் அணியிடம் 38-16 என்று தோற்றார். இதோ அடுத்த வருடம் வந்துவிடுவார் என்றார்கள். அதற்குப்பின் 15 சீசன் ஆடியும் திரும்பப் போகவே இல்லை.

அப்புறம் 1995 டிராஃப்டில், 196-வது ஆளாக, எல்வேயின் அணியான டென்வர் ஒரு ரன்னிங் பேக்கை எடுத்தது. டெர்ரல் டேவிஸ். 1998 ஜனவரியில் சான் டியகோவில் நடந்த சூப்பர் பவுலில், கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக அவர் 157 யார்டு ஓடி மூன்று டச்டவுன் போட்டார். அதுவும் இரண்டாம் கால்பகுதியில் பெரும்பகுதி ஆடாமல். முதல் கால்பகுதி முடிவில் ஒற்றைத் தலைவலி வந்து அவருக்குக் கண்ணே தெரியவில்லை. கோச் மைக் ஷனஹனிடம் போய்ச் சொல்கிறார். ஷனஹன், இந்த ஓர் ஆட்டத்துக்கு உனக்குக் கண் தெரியத் தேவையில்லை, நீ களத்தில் நின்றால்தான் அவர்கள் ஏமாறுவார்கள் என்கிறார். கண் மங்கிய டேவிஸ் பந்து வாங்குவது போலப் பாவனை செய்து கூட்டத்துக்குள் பாய்கிறார். கிரீன் பே மொத்தமும் அவர்மேல் விழுகிறது. எல்வே பந்தோடு வலப்பக்கம் சாவகாசமாக நடந்து டச்டவுன் கோட்டைத் தாண்டுகிறார்.

அன்று எல்வே வீசியது 123 யார்டு. டச்டவுன் ஒன்றுமில்லை, பந்து ஒரு முறை பறிபோனது. முதல் முறை தோற்ற சூப்பர் பவுலில் 304 யார்டு வீசியிருந்தார். அணி உரிமையாளர் பாட் போலன் கோப்பையைத் தூக்கிப் பிடித்து 'இது ஜானுக்காக' என்று முழங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அழாதவர்கள் குறைவு. நானும் எல்வேயை விரும்பியவன்தான், 37 வயதில் மூன்று பேருக்கு நடுவே பாய்ந்து காற்றில் சுழன்று விழுந்தாரே, அந்த ஓட்டத்துக்காகவே விரும்பலாம். ஆனால் மறுநாள் காலையிலிருந்து எல்வே 'ஜெயித்தவர்' வரிசையிலும் மரீனோ 'ஜெயிக்காதவர்' வரிசையிலும் உட்கார வைக்கப்பட்டார்கள். மரீனோ ஆடிய 17 சீசனில் மயாமியில் ஒரே ஒரு ரன்னிங் பேக்தான் ஒரே ஒரு வருடம் 1,000 யார்டு தாண்டினார். 196-வது இடம்வரை டேவிஸ் சும்மாதான் கிடந்தார், மயாமியும் எடுத்திருக்கலாம். மயாமிக்காரரான என் அலுவலக நண்பர் இதைச் சொன்னால் மட்டும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார்.

பெய்ட்டன் மேனிங் தன்னையே சாட்சியாக வைத்து இதை நிரூபித்தவர். 2013-ல் டென்வருக்காக 55 டச்டவுன், 5,477 யார்டு, இரண்டும் சாதனை. சூப்பர் பவுலில் சியாட்டில் டிஃபென்ஸ் அவரை 43-8 என்று நசுக்கியது. இரண்டு வருடம் கழித்து, கையில் பலம் குறைந்து, 9 டச்டவுனுக்கு 17 இண்டர்செப்ஷன் (எதிரணி இடையில் பறித்த பந்து) வீசி, நடுவில் பெஞ்சிலும் உட்கார வைக்கப்பட்ட மேனிங், 2016 பிப்ரவரியில் 141 யார்டு வீசிக் கோப்பையைத் தூக்கினார். வான் மில்லரும் அவருடைய டிஃபென்ஸ் கூட்டாளிகளும் கரோலினாவைப் பிய்த்துப் போட்டார்கள். மோதிரக் கணக்குப்படி 2015 மேனிங் 2013 மேனிங்கைவிடப் பெரியவர். இதை நேருக்கு நேர் சொல்லிப் பாருங்கள், மோதிரக்காரர்களே சிரித்துவிடுவார்கள்.

அப்படியானால் குவார்ட்டர்பேக் முக்கியமில்லையா என்றால், அது அடுத்த அபத்தம். 2000 சீசனில் பால்டிமோர் ரேவன்ஸ் ட்ரென்ட் டில்ஃபரை வைத்து ஜெயித்ததை இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அந்த அணியின் டிஃபென்ஸ் 16 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது 165 புள்ளி. நடுவில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து அவர்களின் தாக்கும் அணி ஒரு டச்டவுன்கூடப் போடாமல் இருந்தும் கரையேறினார்கள். ஜெயித்த கையோடு டில்ஃபரை அனுப்பியும்விட்டார்கள். அப்படி ஒரு டிஃபென்ஸ் எப்போதோ ஒரு முறை வாய்க்கும். அதை நம்பி யாரும் அணி கட்ட முடியாது.

குவார்ட்டர்பேக்கின் உண்மையான வேலை தொலைக்காட்சியில் சரியாகத் தெரிவதில்லை. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க 40 நொடி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கோச்சின் குரல் அடுத்த முயற்சிக்கான திட்டத்தின் நீளமான பெயரைச் சொல்லும். கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அது அணைந்துவிடும். அதன்பின் அவர் தனி ஆள். எதிரே 11 பேர் எப்படி நிற்கிறார்கள், யார் பாய்வது போல நடிக்கிறார், யார் நிஜமாகவே பாயப்போகிறார் என்று பார்த்து, தேவையென்றால் அந்தத் திட்டத்தையே அங்கேயே கத்தி மாற்ற வேண்டும். மேனிங் 'ஒமாஹா, ஒமாஹா' என்று கூவுவதை அதற்காகவே உட்கார்ந்து கேட்கலாம். பந்து கைக்கு வந்தபின் இரண்டரை நொடி. அதற்குள் யாருக்கு வீசுவது என்று பார்த்து, முதல் ஆள் இல்லை, இரண்டாம் ஆள் இல்லை, மூன்றாம் ஆள் என்று போக வேண்டும்; நூற்றுமுப்பது கிலோ ஆசாமி ஒருவன் வந்துகொண்டிருப்பதைப் பார்க்கவும் வேண்டும், பார்க்காதது போல இருக்கவும் வேண்டும். இதில் ஒரு முறை தவறினால் பந்து எதிரணியிடம்.

இதற்குச் சரியான சாட்சி டாம்பா அணி. 2019-ல் டாம்பாவின் ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டு வீசினார், லீகிலேயே அதிகம். கூடவே 30 இண்டர்செப்ஷன். அணிக்கு 7 வெற்றி, 9 தோல்வி. அடுத்த வருடம் 43 வயதுப் பிராடி வந்தார். யார்டு குறைந்தது, இண்டர்செப்ஷன் 12. அணிக்கு 11 வெற்றி, 5 தோல்வி, கோப்பை. பிராடி வராமல் டாம்பா ஜெயித்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சூப்பர் பவுலைத் திரும்பப் பாருங்கள். கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸுக்குக் காவல் நிற்க வேண்டிய இரண்டு ஓர லைன்மேன்களும் காயத்தில் வெளியே. டாம்பாவின் டிஃபென்ஸ் அவரை மைதானம் முழுக்க ஓட ஓட விரட்டியது. கான்சாஸ் சிட்டி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, 31-9. நான்கு வருடம் கழித்து பிலடெல்பியா மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தது, 40-22. இன்றைய தேதியில் அவரைவிடத் திறமைசாலி யாரும் இல்லை என்பவர்கள்கூட அந்த இரண்டு இரவும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். முன்னால் நிற்கும் ஐந்து பேர் தோற்றால் பின்னால் நிற்பவர் என்ன செய்வார்?

நல்ல குவார்ட்டர்பேக் அணியை வருடா வருடம் ஜனவரிக்குக் கொண்டுபோகிறார். பிராடி 10 முறை சூப்பர் பவுல் போனார். என் கண்ணில் ஏழைவிட அந்தப் பத்துதான் பெரிய எண். ஜனவரியில் தோற்றால் வெளியே என்ற ஒற்றை ஆட்டங்கள். ஒரு கிக்கர், ஒரு லைன்மேனின் கணுக்கால், ஒரு நழுவல் போதும். பத்து முறை போனால் ஏழு முறையோ ஐந்து முறையோ அதிர்ஷ்டம் நம் பக்கம் விழும். ஒரே முறை போன மரீனோவுக்கு விழவில்லை.

பணமும் இதில் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994 முதல் ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாகச் செலவழிக்க உச்சவரம்பு இருக்கிறது. குவார்ட்டர்பேக்குக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும். 2024-ல் உச்சவரம்பு 25.5 கோடி டாலர். அந்த வருடம் டாலஸ் அணி டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்குச் சராசரி 6 கோடி என்று ஒப்பந்தம் போட்டது. 2013 சீசனில் சியாட்டில் ஜெயித்தபோது வில்சன் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்ட பையன், வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர்கூட வாங்கவில்லை. மிச்சப் பணத்தில்தான் அந்தப் பயங்கரமான டிஃபென்ஸ். பிராடி பல வருடம் சந்தை விலைக்குக் கீழே வாங்கிக்கொண்டார். அந்தத் தியாகத்தை அவர் சாதனைப் பட்டியலில் சேர்க்கலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. 505 யார்டைவிட அது அதிகக் கோப்பை கொடுத்திருக்கும். 2022-ல் மஹோம்ஸ் அணியின் வரம்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டும் ஜெயித்தாரே, அதை மோதிரம் எண்ணுபவர்கள் கவனிப்பதே இல்லை.

இவ்வளவும் பேசிவிட்டு ஈலை மேனிங்கைத் தாண்டிப் போக முடியாது. பெய்ட்டனின் தம்பி, நியூயார்க் ஜயன்ட்ஸ். வழக்கமான சீசன் ஆட்டங்களில் 117 வெற்றி, 117 தோல்வி. ஆனால் இரண்டு சூப்பர் பவுல், இரண்டிலும் ஆட்ட நாயகன், இரண்டும் பிராடிக்கு எதிராக. 2008 பிப்ரவரியில் பேட்ரியாட்ஸ் 18 ஆட்டமும் ஜெயித்து 18-0 என்று வந்து நின்ற இரவு, கடைசிப் பக்கத்தில் ஈலை வீசிய பந்து ஒன்று அசான்டே சாமுவேலின் கைகளில் பட்டு நழுவியது. அவர் பிடித்திருந்தால் பேட்ரியாட்ஸ் 19-0. அடுத்த பந்தில்தான் ஈலை மூன்று பேர் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்னால் ஓடி உயரத் தூக்கி எறிய, டேவிட் டைரீ எகிறிப் பந்தை ஒரு கையால் தன் ஹெல்மெட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு விழுந்தார். ராட்னி ஹாரிசன் அதைப் பிடுங்கப் பிடுங்க விடவில்லை. அந்தச் சீசன் முழுக்க நான்கே பந்து பிடித்திருந்த ஆள் டைரீ. அதற்குப் பிறகு அவர் லீகில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை.

2025-ல் ஈலையின் பெயர் முதல் முறையாக ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த வீரர்களுக்கான கௌரவப் பட்டியல்) ஓட்டெடுப்புக்கு வந்தபோது தேர்வாகவில்லை. நியூயார்க்கில் பெரிய கூச்சல். இரண்டு மோதிரம் இருக்கிறதே என்கிறார்கள். எனக்கு ஓட்டு இருந்தால் நானும் போட்டிருக்க மாட்டேன். மூன்று பேரை உதறிவிட்டு ஓடியது ஈலைதான், அந்த ஒரு பந்துக்காக அவரை ஆயுளுக்கும் ரசிப்பேன், அது வேறு. மரீனோவுக்கு மோதிரம் இல்லையென்று கீழே இறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு, சாமுவேலின் விரலிடுக்கில் நழுவிய ஒரு பந்துக்காக ஈலையை மேலே ஏற்றினால் என் மயாமி நண்பர் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு வர மாட்டார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் ஜயன்ட்ஸ் வெறியர். இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி கூப்பிடுவார், அதற்குத் தயாராக 234 ஆட்டத்தின் கணக்கையும் எடுத்து வைத்திருக்கிறேன்.